அறிந்தோர் சொல்லும் அறியாதோர் செவியும்

பொற்கொல்லர் தம்முள் பேசும்போது பொன்னைப் 'பறி' என்பர். யானைப்பாகர் ஆடையைக் 'காரை' என்பர். வேடர் கள்ளைச் 'சொல்விளம்பி' என்பர். நன்னூலுக்கு உரை கண்டோர் குழூஉக்குறிக்கு எடுத்துக்காட்டாகத் தரும் சொற்கள் இவை. ஒரு குழுவினர் ஏதேனும் ஒரு காரணம் பற்றிப் பொருளின் இயல்பான பெயரை ஒழித்து, தமக்கு மட்டும் விளங்குமாறு வேறொரு பெயரை வழங்குவதே குழூஉக்குறி. மொழி என்பது பிறருக்கு உணர்த்துவதற்கென்றே பிறந்தது. ஆயினும் பிறர் உணராதிருக்க வேண்டும் என்பதற்காகவும் மனிதர் சொற்களை ஆக்கினர் என்பதை நம் இலக்கண ஆசிரியர்கள் மறைக்கவில்லை. அதற்கு ஒரு பெயரிட்டு, வழக்கினுள் ஓர் இடமும் தந்தனர்.

எல்லாத் துறைச்சொற்களும் மறைப்பதற்காகத் தோன்றியவை என்று கூறிவிட முடியாது. தறியில் நீளவாக்கில் ஓடும் நூலைப் 'பாவு' என்றும், குறுக்கே பாய்வதை 'ஊடை' என்றும் நெசவாளர் கூறுவது எவரையும் ஏமாற்றுவதற்கன்று. வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று கடலோடிகள் நான்கு திசைக் காற்றுக்கும் தனித்தனிப் பெயரிட்டது, நடுக்கடலில் ஒரே சொல்லில் செய்தியை உணர்த்த வேண்டிய தேவையால். நிலப்பத்திரத்தில் வரும் கிரயம், ஒற்றி, வில்லங்கம் ஆகிய சொற்களும் அத்தகையனவே. துல்லியமே அவற்றின் நோக்கம். எனினும் வெளியே நிற்பவனுக்கு விளைவு ஒன்றுதான். வில்லங்கம் என்றால் நிலத்தின் மேல் ஏற்கெனவே இருக்கும் கடன், அடைமானம் போன்ற பிணைப்பு என்பதை அறியாத ஓர் உழவன், தன் வாழ்நாள் சேமிப்பை அந்த ஒரு சொல்லில் இழந்துவிடக்கூடும்.

ஆகவே ஒரு துறையின் சொல்லை அத்துறைக்கு வெளியே உள்ளவருக்கு விளக்குவது பொழுதுபோக்கான செயல் அன்று. அதில் ஒருவனது நிலம் அடங்கியிருக்கலாம், உடல்நலம் அடங்கியிருக்கலாம், ஒரு கலையின் உயிரே அடங்கியிருக்கலாம். இப்பணியைத் தமிழர் எவ்வாறு செய்தனர், எங்கே வென்றனர், எங்கே தோற்றனர் என்பதைச் சற்றே திரும்பிப் பார்ப்போம்.

தொல்காப்பியர் காட்டிய நெறி

சொல்லை விளக்கும் கலையைப் பற்றி நமக்குக் கிடைத்த முதற் சிந்தனை தொல்காப்பியத்தின் உரியியலில் உள்ளது. பழக்கமில்லாத சொல்லைப் பழகிய சொல்லோடு சார்த்திப் பொருள் உணர்த்த வேண்டும் என்பது அவர் முதலில் கூறும் நெறி. இயலின் இறுதியில் அவர் மேலும் சில கருத்துகளைச் சேர்க்கிறார். ஒரு சொல்லுக்குப் பொருள் கூறிய பின், அந்தப் பொருளுக்கும் பொருள் யாது என்று வினவிக்கொண்டே சென்றால் அதற்கு எல்லை இராது. உணர்த்துபவன் வல்லவனாயின் பொருள் திரிபின்றி விளங்கும். ஆயினும் உணர்தல் என்னும் வாயில் கேட்பவனுடைய ஆற்றலைப் பொறுத்தே திறக்கிறது.

இக்கருத்துகளை ஒருங்கே வைத்து எண்ணினால் ஓர் உண்மை புலப்படும். பொருளுக்குப் பொருள் தேடும் முடிவில்லாத சங்கிலி எங்கேனும் ஓரிடத்தில் நின்றாக வேண்டும். அது நிற்கும் இடம் கேட்பவன் ஏற்கெனவே அறிந்த ஒன்றாக இருத்தல் வேண்டும். விளக்குபவன் எவ்வளவு கற்றவன் என்பதைக் காட்டிலும், கேட்பவனிடம் ஏற்கெனவே உள்ளது எது என்பதை அவன் அறிவானா என்பதே முதன்மையான வினா. பின்வந்த ஒவ்வொரு முயற்சியையும் இந்த உரைகல்லில் உரைத்துப் பார்க்கலாம்.

நிகண்டு என்னும் களஞ்சியம்

சொற்பொருள் கூறும் தனிநூல்களாக முதலில் எழுந்தவை நிகண்டுகள். அவற்றுள் பழமையானதாகக் கருதப்படும் திவாகரம் பன்னிரண்டு தொகுதிகளை உடையது. தெய்வப் பெயர், மக்கட் பெயர், விலங்கின் பெயர், மரப்பெயர், இடப்பெயர் என்று தொடங்கி, பல்பொருள், செயற்கை வடிவம், பண்பு, செயல், ஒலி எனச் சென்று, ஒரு சொல் பல பொருள் தருவனவற்றையும், பல பொருள்கள் கூடிப் பெறும் பெயர்களையும் கூறி முடிகிறது. படைக்கலமும் பறவையும், அணிகலனும் இசைச்சுரமும், மருந்தாகும் மரமும் மன்னன் பெயரும் ஒரே கூரையின் கீழ்க் குடியேறின. தொடர்பற்ற பல துறைகளின் சொற்களை ஒரே மாணவன் கற்க வேண்டும் என்ற எண்ணமே பெரிது.

ஆனால் நிகண்டு மனப்பாடத்திற்கென அமைந்த செய்யுள் நூல். பின்னர் மண்டல புருடர் இயற்றிய சூடாமணி நிகண்டு விருத்தப்பாவில் அமைந்ததால் திண்ணைப் பள்ளிகளில் பெரிதும் பரவியது. அதை முழுவதும் நெஞ்சிற் பதித்தவனுக்கே அது பயன்படும். ஒரு சொல்லுக்கு மட்டும் பொருள் தேடி வருபவனுக்கு அதனுள் நுழைய வழியில்லை. மேலும் நிகண்டின் முறை ஒரு சொல்லுக்கு ஈடாக வேறு சொற்களை அடுக்குவது. இந்த மரத்துக்கு இவை பெயர்கள் என்று கூறும். மரம் எப்படியிருக்கும் என்று கூறாது. புலவனாக விரும்பியவனுக்கு அது போதுமானதாக இருந்தது. மரத்தைக் கண்டறியாதவனுக்கு அது போதவில்லை.

விரலும் நரம்பும்

சிலப்பதிகாரத்திற்கு விரிவான உரை எழுதிய அடியார்க்குநல்லார் வேறொரு வழியை மேற்கொண்டார். அரங்கேற்று காதை ஆடலும் பாடலும் கருவியும் அரங்கமும் பற்றிய துறைச்சொற்கள் செறிந்த பகுதி. இசை நாடக நூல்கள் சிலவற்றைத் துணைக்கொண்டு அவர் அச்சொற்களை விளக்கினார். அவர் பயன்படுத்திய நூல்களுட் பெரும்பாலானவை இன்று நமக்குக் கிடைக்கவில்லை. அழிந்துபோன ஒரு கலையுலகின் வாசலில் அவருடைய உரை ஒரு விளக்காக நிற்கிறது.

அந்த விளக்கின் ஒளி எல்லா இடத்திலும் ஒரே அளவில் விழவில்லை என்பது சிந்திக்கத்தக்கது. ஆடலரங்கின் அளவைக் காண்போம். ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம். கோல் என்பது இருபத்து நான்கு விரல் அளவு. இதனை இன்று எவரும் புரிந்துகொள்ளலாம். ஒரு தச்சர் அரங்கையே கட்டிவிடலாம். மனிதனுக்கு விரல் இருக்கும் வரை இந்த விளக்கம் அழியாது.

இசைப்பகுதிக்கு வரும்போது நிலை மாறுகிறது. குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்னும் ஏழு இசைகளும் உரையில் பேசப்படுகின்றன. யாழில் நரம்பைக் கட்டும் முறையும் பேசப்படுகிறது. ஆயினும் குரல் என்பது இன்றைய எந்தச் சுரம் என்னும் முதல் வினாவிலேயே நம் காலத்து அறிஞர்கள் கருத்து வேறுபட்டனர். காரணம் எளிது. அந்த விளக்கங்கள் யாழைக் கண்டும் கேட்டும் பழகிய ஒரு மரபைச் சார்ந்து நின்றன. யாழ் மறைந்தபோது சார்ந்து நிற்க எதுவுமில்லாமற் போயிற்று.

விபுலாநந்த அடிகள் அந்த இழப்பை ஈடுசெய்ய நெடுங்காலம் உழைத்தார். அறிவியல் பயின்றவராகிய அவர், சுருதி அளவுகளைக் கணித முறையில் ஆராய்ந்து, பண்டை யாழின் அமைப்பை மீட்டுருவாக்க முயன்றார். அவருடைய 'யாழ்நூல்' 1947-ஆம் ஆண்டு ஜூன் மாதம் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. அடுத்த மாதமே அவர் மறைந்தார். ஒரு தலைமுறை தன் காதுக்குத் தெரிந்ததை அறியாதவருக்கு விளங்குமாறு எழுதி வைக்கத் தவறினால், பின்வரும் தலைமுறையில் ஓர் அறிஞர் தம் வாழ்நாளையே அதற்குக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

நான்கு வாயில்கள் திறந்த முனிவர்

தமிழைத் தாய்மொழியாகப் பெறாதவர்களே விளக்கும் கலையில் புதிய வழிகளைக் கண்டனர் என்பதில் வியப்பில்லை. அறியாதவனின் இடர்ப்பாடு அவர்களுடைய சொந்த இடர்ப்பாடு. அந்தாவோ தெ புரோயென்சா அடிகளார் தொகுத்த தமிழ்–போர்த்துக்கீசிய அகராதி 1679-இல் அம்பலக்காட்டில் அச்சாயிற்று. அதற்கு முன்பே 1666-இல் அவர் இறந்துவிட்டார். வத்திக்கான் நூலகத்தில் இருந்த அதன் படியைக் கண்டறிந்து, 1966-இல் மலேசியாவில் மறுபதிப்பாக வெளிக்கொணர்ந்தவர் தனிநாயகம் அடிகளார்.

அந்த மரபில் வந்தவர் வீரமாமுனிவர். 1680-இல் இத்தாலியில் பிறந்து, பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழகம் வந்த அவர் 1732-இல் சதுரகராதியை நிறைவு செய்தார். அகரவரிசையில் சொற்களை அமைப்பது அவருக்கு முன்னரே அறியப்பட்டதுதான். 1594-இல் இரேவண சித்தர் இயற்றிய அகராதி நிகண்டு முதலெழுத்து வரிசையைப் பின்பற்றியது. வீரமாமுனிவர் அந்நெறியை இன்னும் செம்மையாக்கியதோடு, நூலைப் பெயர், பொருள், தொகை, தொடை என நான்காகப் பகுத்தார். சதுரகராதி என்ற பெயரே அதனால் வந்தது.

இந்த நான்கு பகுப்பைச் சற்று ஊன்றி நோக்க வேண்டும். ஒருவன் கையில் சொல் இருக்கிறது, பொருள் தெரியவில்லை; அவன் பெயரகராதிக்குச் செல்லலாம். இன்னொருவன் மனத்தில் பொருள் இருக்கிறது, அதற்குரிய வேறு சொற்களை வேண்டுகிறான்; அவனுக்குப் பொருளகராதி. மூன்றாமவன் முச்சுடர், அறுசுவை, நவமணி போன்ற எண்ணோடு கூடிய பெயரைக் கேட்டிருக்கிறான், அவை எவை என்று அறியான்; அவனுக்குத் தொகையகராதி. நான்காமவன் பாட்டெழுத எதுகை தேடுகிறான், அவனுக்குத் தொடையகராதி. நூலின் அமைப்பு ஆசிரியனுடைய கல்வி முறையிலிருந்து எழவில்லை. தேடி வருபவன் கையில் எதனோடு வருகிறான் என்ற வினாவிலிருந்து எழுந்தது. தொல்காப்பியர் கூறிய வாயில் உணர்வோர் பக்கம் இருப்பதை இந்நூல் தன் கட்டமைப்பிலேயே ஏற்றுக்கொண்டது.

தொகைப்பெயர்களில் மருத்துவமும் இசையும் போர்க்கலையும் சமயமும் அருகருகே நிற்பது இயல்பு. எண் ஒன்றே அவற்றை இணைக்கும் கயிறு. நூல் நெடுங்காலம் ஏட்டிலேயே வாழ்ந்தது. 1824-இல் சென்னையில் முழுமையாக அச்சேறியபோது, அதன் ஆசிரியர் மறைந்து எழுபத்தேழு ஆண்டுகள் கடந்திருந்தன.

நோயாளியின் மொழியில் மருத்துவம்

விளக்கும் பணியில் உயிரே அடங்கியிருந்த ஒரு வரலாறு யாழ்ப்பாணத்தில் நிகழ்ந்தது. அமெரிக்க மிஷனைச் சேர்ந்த மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847-இல் அங்கு வந்தார். மானிப்பாயில் மருத்துவம் செய்ததோடு, உள்ளூர் இளைஞர்களுக்கு மேலை மருத்துவத்தைக் கற்பிக்கவும் தொடங்கினார். முதலில் கல்வி ஆங்கிலத்தில் நடந்தது. ஆங்கிலத்தில் பயின்றவர்கள் அரசுப் பணியையும் நகரத்தையும் நாடிச் செல்லக்கூடும். தமிழில் பயின்றவர்கள் ஊரிலேயே நின்று தம் மக்களுக்கு மருத்துவம் செய்வர் என்று அவர் கருதினார். 1860-களில் பயிற்றுமொழியைத் தமிழுக்கு மாற்றினார்.

மாற்றுவதென்றால் நூல்கள் வேண்டும். நூல்களுக்குச் சொற்கள் வேண்டும். முதலில் வழக்கிலுள்ள தமிழ்ச்சொல்லைத் தேடுவது. அது கிடைக்காதபோது வடமொழியை நாடுவது. அதுவும் உதவாதபோது ஆங்கிலச் சொல்லைத் தமிழ் ஒலிக்கு இசைய எழுதுவது என்ற ஒழுங்கை அவர் வகுத்துக்கொண்டார். மாணவர்களின் துணையோடு 'இரண வைத்தியம்' 1867-இலும், 'மனுஷ அங்காதிபாதம்' 1872-இலும், 'கெமிஸ்தம்' 1875-இலும், 'மனுஷ சுகரணம்' 1883-இலும் வெளிவந்தன. அவர் 1873-இல் தாயகம் திரும்பிய பின்னரும், 1884-இல் இறக்கும் வரை, இப்பணியைக் கைவிடவில்லை.

இந்தச் சொற்களில் பல இன்று வழக்கில் இல்லை. அங்காதிபாதம் உடற்கூறியல் ஆயிற்று. சுகரணம் உடலியங்கியல் ஆயிற்று. கெமிஸ்தம் வேதியியலுக்கும் இரசாயனத்துக்கும் இடம் கொடுத்து ஒதுங்கியது. சொல் செத்தது என்பதால் பணி தோற்றது என்று முடிவுகட்டலாமா? அறுவை மருத்துவ நூலுக்கு 'இரண வைத்தியம்' என்று பெயரிட்டதில் உள்ள நுட்பத்தைக் காண வேண்டும். இரணம் என்றால் புண் என்பது எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் தெரியும். அந்தப் பெயரைக் கேட்ட நோயாளி, தனக்கு நிகழப்போவது எதைப் பற்றியது என்பதை உணர்ந்தான். பழகியதைச் சார்த்தி விளக்கும் நெறி இங்கே ஏட்டை விட்டுக் கட்டிலருகே வந்து நின்றது. கிறீன் சென்ற பின் தமிழ்வழி மருத்துவக் கல்வி யாழ்ப்பாணத்தில் நெடுநாள் நீடிக்கவில்லை. அதற்குக் காரணம் சொற்பஞ்சம் அன்று. ஆங்கிலமே பதவிக்கும் பெருமைக்கும் வழி என்றிருந்த காலநிலை.

பட்டியலும் விளக்கமும்

இருபதாம் நூற்றாண்டில் கலைச்சொல் ஆக்கம் ஓர் இயக்கமாகவே வளர்ந்தது. 1916-இல் சேலத்தில் இராஜாஜியும் வெங்கடசுப்பையரும் அறிவியற் கலைச்சொற்களுக்கென ஒரு சங்கத்தைத் தொடங்கி இதழும் நடத்தினர். 1938-இல் சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் பல்துறைக் கலைச்சொற்களைத் தொகுத்து வெளியிட்டது. வடசொல்லா, தனித்தமிழா என்னும் சொற்போரும் அக்காலத்தில் கடுமையாக நிகழ்ந்தது. அப்போரால் தமிழ்ச்சொல் வளம் பெருகியது என்பதை எவரும் மறுக்க இயலாது.

ஆயினும் பட்டியலுக்கு ஓர் இயல்பான குறை உண்டு. அது ஒரு பக்கத்தில் ஆங்கிலச் சொல்லையும் எதிர்ப்பக்கத்தில் தமிழ்ச் சொல்லையும் நிறுத்துகிறது. இரண்டையும் அறியாதவனுக்கு இரண்டு பூட்டுகள் கிடைக்கின்றன, திறவுகோல் கிடைப்பதில்லை. நிகண்டின் பழைய குறை புதிய உருவில் மீண்டும் வந்தது என்றும் கூறலாம்.

இதை உணர்ந்தவர்கள் உரைநடையில் விளக்கத் தொடங்கினர். இராஜாஜி தாமே வேதியியலை விளக்கி எழுதிய நூலுக்குத் 'திண்ணை இரசாயனம்' என்று பெயரிட்டார். ஆய்வுக்கூடத்தை அறியாதவனும் திண்ணையை அறிவான். பெ.நா. அப்புசுவாமியோ தொழிலால் வழக்கறிஞர். 1917 முதல் அறுபது ஆண்டுகளுக்கு மேலாக மின்சாரம், வானொலி, வானியல் என்று எத்தனையோ துறைகளைப் பற்றித் தமிழில் எழுதினார். தம் தொழிலுக்குப் புறத்தேயுள்ள ஒன்றைத் தாமே கற்று, கற்ற வழியிலேயே பிறரையும் அழைத்துச் சென்றதால் அவர் எழுத்தில் மிரட்டல் இல்லை.

நிகண்டும் அகராதியும் கட்டுரையும் ஆகிய இந்த ஓடைகள் பெருகிக் கலந்த ஏரி தமிழ்க் கலைக்களஞ்சியம். அதற்கு முன் யாழ்ப்பாணத்து முத்துத்தம்பிப்பிள்ளையின் 'அபிதான கோசம்' 1902-இலும், ஆ. சிங்காரவேலு முதலியாரின் 'அபிதான சிந்தாமணி' 1910-இலும் தனிமனிதர் உழைப்பாக வெளிவந்திருந்தன. இலக்கிய, புராணப் பெயர்களே அவற்றின் பெரும்பகுதி. தி.சு. அவினாசிலிங்கம் 1946-இல் நிறுவிய தமிழ் வளர்ச்சிக் கழகம், பெரியசாமித் தூரனை முதன்மை ஆசிரியராகக் கொண்டு, எல்லா அறிவுத்துறைகளையும் தழுவிய களஞ்சியத்தை உருவாக்கியது. முதல் தொகுதி 1954-இல் வந்தது. இணைப்புத் தொகுதியோடு பத்தும் 1968-இல் நிறைவுற்றன. கவிஞரும் இசைப்பாடல் ஆசிரியருமான தூரன், அணுவைப் பற்றியும் அணிலைப் பற்றியும் வல்லுநர் எழுதித் தந்ததைப் பொது வாசகர் நிலையிலிருந்து படித்துச் செப்பனிட வேண்டியவரானார். அதோடு அவர் ஓயவில்லை. குழந்தைகள் கலைக்களஞ்சியத்தையும் பத்துத் தொகுதிகளாக 1976-இல் முடித்தார். வல்லுநருக்கு எழுதுவதினும் பொதுமக்களுக்கு எழுதுவது கடினம். குழந்தைக்கு எழுதுவதோ எல்லாவற்றினும் கடினம். அந்தப் படிகளில் அவர் இறங்கிச் சென்றது உண்மையில் ஏற்றமே.

இன்றைய கடமை

2003-இல் தமிழ் விக்கிப்பீடியா தொடங்கப்பட்ட பின், விளக்கும் பணி யாரும் கைவைக்கக்கூடிய பொதுப்பணியாக மாறியுள்ளது. விரல் நுனியில் செய்திகள் குவிகின்றன. ஆனால் மருத்துவமனையில் அறுவைக்கு ஒப்புதல் தாளை நீட்டும்போது, வங்கியில் கடன் பத்திரத்தைத் தரும்போது, நீதிமன்றத்தில் ஆணையைப் படிக்கும்போது, எளிய மனிதர் முன்னே நிற்பது பெரும்பாலும் குழூஉக்குறிதான். 'இங்கே கையெழுத்திடுங்கள்' என்ற ஒரு தொடர் மட்டுமே அவருக்கு விளங்குகிறது. அறிந்தவர் மறைக்க எண்ணவில்லை என்பது உண்மையாக இருக்கலாம். விளக்காமல் விட்டதும் மறைத்ததும் அறியாதவருக்கு ஒன்றாகவே முடிகின்றன.

ஒவ்வொருவரும் ஏதேனும் ஒரு துறையில் அறிந்தோராகவும், ஏனைய துறைகளில் அறியாதோராகவும் இருக்கிறோம். நெசவாளரின் முன் நீதிபதி பாவும் ஊடையும் அறியாதவர். நீதிபதியின் முன் நெசவாளர் பிணையும் வில்லங்கமும் அறியாதவர். இந்த நிலையை நினைவில் வைத்திருப்பவரே பொறுமையோடு விளக்குவார். அவர் முதலில் எதிரே நிற்பவரைப் பார்ப்பார். அவருக்கு ஏற்கெனவே தெரிந்தது எது என்று கேட்பார். தம் சொல்லை அதன்மேல் சார்த்துவார். அரங்கின் அளவை விரலால் சொன்ன பழம்புலவர் செய்தது அதுவே. மானிப்பாயில் 'இரணம்' என்ற ஊர்ச்சொல்லைத் தேடி எடுத்த மருத்துவர் செய்ததும் அதுவே. ஒப்புதல் தாளோடு நோயாளியின் கட்டிலருகே நிற்கும் நம் காலத்து மருத்துவரும், பேனாவை நீட்டுமுன் அரைநாழிகை அமர்ந்து அதைச் செய்யலாம்.